ஓரம் தூக்கிய மருதப் பலகை

மரமும் மனிதரும் வாய் திறந்து பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், அறுத்த பலகை எதுவும் வளைந்ததே இல்லை. போட்டது போட்டபடி, நூல் பிடித்ததுபோல் கிடக்கும். அதில் பலகைகளுக்கு அவ்வளவு கர்வம்.

ஆற்றங்கரையில் ஒரு தச்சன் இருந்தான். அவன் மனைவி பூவாயி, கைக்குழந்தைக்காரி. கோயில் கதவுக்கென்று மருத மரத்தை அறுத்து, அகலமான பச்சைப் பலகை ஒன்றைக் கொட்டகையில் போட்டிருந்தான் தச்சன். "இதுல வெயில் படக்கூடாது, தண்ணி படக்கூடாது, உன் மகன் மூத்திரமும் படக்கூடாது" என்று சொல்லிவிட்டு அக்கரைக்குப் போனான்.

ஊரில் சுள்ளென்று வெயில். மேற்கே மலையில் கொட்டிய மழை யாருக்குத் தெரியும்? ஆறு சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் ஏறியது. மார்பளவு தண்ணீரில் பூவாயி பிள்ளையை, கொட்டகையிலிருந்து மிதந்து வந்த பலகையின்மேல் கிடத்தி, விளிம்பைப் பற்றிக்கொண்டாள். வெள்ளம் அவர்களை அடித்துக்கொண்டு போனது. தட்டைப் பலகை. ஒவ்வோர் அலைக்கும் பிள்ளை ஓரத்துக்குச் சறுக்கினான். இழுத்து இழுத்து அவள் கை ஓய்ந்தது.

"மருதப்பா, கொஞ்சம் ஓரத்தைத் தூக்கேன்!"

"நல்லா இருக்கே தாயி! நான் கோயில் கதவாகப் போறவன். வளைஞ்சா உன் புருஷன் என்னை அடுப்புலதான் வைப்பான்."

"கதவா நின்னு நீ யாரைக் காக்கப் போறே? என் பிள்ளை இங்கே போகுதே!"

அடுத்த அலையில் பிள்ளையின் கால் தண்ணீருக்குள் போனது. சின்னக் குதிகால் விளிம்பில் உரசியது.

அப்போது பூவாயியின் விரல்களுக்கடியில் ஏதோ அசைந்தது. நார் நாராக, மொறுமொறுவென்று. இப்போது வெயிலைப் பார்த்து மிதந்த பட்டைப் பக்கம் சுருங்க, இரண்டு ஓரங்களும் மெல்ல மெல்ல எழுந்தன. வேர் இல்லாத, வெட்டுப்பட்ட மரம்! அது பிள்ளையைச் சுற்றி உள்ளங்கைபோல் குழிந்ததைப் பார்த்து அவள் அழக்கூட மறந்துபோனாள்.

அக்கரையோரம் ஒரு மணல்திட்டில் ஒதுங்கினார்கள். ஓடி வந்த தச்சனுக்கு, "கதவுப் பலகை போச்சே" என்று வாய்வரை வந்தது. குழிக்குள் பிள்ளை விரல் சப்பிக்கொண்டு தூங்கினான். தச்சன் அவனை வாரி எடுத்துவிட்டு, பலகையின்மேல் கல் ஏற்றிப் பார்த்தான். கல்லை எடுத்ததும் அது மறுபடி குழிந்தது.

"அதான் பிள்ளை கரை சேர்ந்துட்டானே, இனி நிமிர்ந்தா என்ன?" என்றான்.

"உன் பிள்ளை சேர்ந்துட்டான். ஆறு இன்னும் வடியலையே," என்றது பலகை.

தச்சன் கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

அன்று தொட்டுத்தான், ஈரம் காயாமல் அறுத்த பலகை எந்தப் பட்டறையில் கிடந்தாலும் பட்டைப் பக்கம் குழிந்து, எவளோ ஒருத்தி பிள்ளையோடு வருவாள் என்பதுபோல, ஓரங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.