விசிறிச் சிப்பிக்கு விளிம்பெல்லாம் கண்

இன்னும் நெருங்கி உட்காருங்கள். கடலடியில் இருக்கிறவர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

அந்தக் காலத்தில், கடலில் உள்ளதெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவருக்கும் கண் கிடையாது. தடவித் தடவித்தான் பிழைப்பு. ஒரு நாள் கடலம்மா கூடை நிறையக் கண்ணை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நண்டுக்கு இரண்டு, மீனுக்கு இரண்டு, கணவாய்க்குப் பெரிதாக இரண்டு. சிப்பிகள் குடியிருந்த மணல்மேட்டுக்கு வந்து ஓட்டைத் தட்டினாள். தட்டினால் சாத்திக்கொள்வதுதான் சிப்பிக் குலத்து வழக்கம். அத்தனை வீடும் சாத்திக்கொண்டது. வேண்டாமென்கிறவர்களை என்ன செய்ய? அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் வினை வந்தது. நட்சத்திர மீன் ஓசைப்படாமல் ஊர்ந்து வரும், ஐந்து கையாலும் கட்டிப்பிடித்து ஓட்டைப் பிளந்து தின்னும். வடிவு என்கிற விசிறிச் சிப்பிக்குப் பக்கத்து வீட்டுக்காரி அப்படித்தான் போனாள். அடுத்தது தன் வாசல்தான் என்று வடிவுக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் ஓட்டில் தட்டுகிற சத்தம்.

"சாத்துடி வடிவு" என்றாள் எதிர்வீட்டு மட்டிச் சிப்பி மதினி, தன் ஓட்டுக்குள் இருந்தபடியே.

"ஏன் மதினி, அந்த அஞ்சு கைத் தடியன் என்னைக்காவது தட்டிட்டு வந்திருக்கானா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க ஆத்தா சாத்துனா, நானும் சாத்துறேன்."

"உங்க ஆத்தா இப்ப எங்க?"

மதினி தன் ஓட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். வடிவு மெல்லத் திறந்தாள்.

வாசலில் கடலம்மா. "ஒருத்தியாவது திறந்தியே. கூடையில ஒத்தைக் கண்ணுதான் மிச்சம், தாயி. உன் தலை எங்க இருக்கு?"

"தலையெல்லாம் எங்க வீட்ல கிடையாதும்மா. வாசல்ல வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்."

கடலம்மா போனதும் மதினி சிரித்தாள். "ஒத்தைக் கண்ணி, அவன் பின்னால வந்தா என்னடி செய்வ?"

சொன்னது நிஜம்தான். வடிவு அந்தக் கண்ணை இரண்டு ஓட்டுக்கும் நடுவில் வைத்து ஒரே கடி. கடுகு கடுகாக நொறுங்கியது.

"அடிப் பாவி, கிடைச்சதையும் கெடுத்துட்டியே."

வடிவு கடுகை ஒவ்வொன்றாக எடுத்து, சேலைக் கரையில் மணி வைத்துத் தைக்கிற மாதிரி, தன் தோலின் ஓரம் முழுக்கப் பதித்தாள். அத்தனை சின்னக் கண்ணில் வெளிச்சம் தங்கவில்லை. பட்டதும் வழுகிப் போனது. ஓட்டின் உள்பக்கத்துப் பளபளப்பைச் சுரண்டி, கண்ணாடிக்கு ரசம் பூசுகிற மாதிரி ஒவ்வொரு கண்ணுக்கும் பின்னால் பூசினாள். வெளிச்சம் அதில் மோதித் திரும்பிக் கண்ணுக்குள்ளேயே நின்றது. முகம் தெரியவில்லை, மூக்கு தெரியவில்லை. ஆனால் எந்தத் திசையில் நிழல் அசைந்தாலும் தெரிந்தது. அதுவே போதுமென்று நிம்மதியாக மணலில் சாய்ந்துகொண்டாள்.

நட்சத்திர மீன் பின்பக்கமாகத்தான் வந்தது. ஒரு கை நீண்டது. வடிவின் ஓரத்தில் ஏழெட்டுக் கடுகு இருண்டது.

"மதினி, ஆழமா இறங்கு, வந்துட்டான்" என்றாள். மதினி மணலுக்குள் சரசரவென்று இறங்கினாள். வடிவு இரண்டு ஓட்டையும் கொட்டித் தண்ணீரைப் பீய்ச்சி எகிறினாள். நட்சத்திர மீன் ஐந்து கையாலும் கட்டிப்பிடித்தது வெறும் மணலைத்தான்.

அன்று முதல்தான் விசிறிச் சிப்பிக்கு விளிம்பெல்லாம் கண். நிழல் பட்டால் போதும், அன்றைக்கு வடிவு செய்தபடியே இரண்டு ஓட்டையும் படபடவென்று கொட்டி, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு எகிறிப் பறந்துவிடுகிறது.