குதிரைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

"கஞ்சி ஊற்றும்போது ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்க்க மாட்டாரா மனுஷன்?"

சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, பாத்திரம் தேய்க்கும் சத்தத்தோடு கலந்து வந்தது டோரீனின் குரல். அடிவாரத்து ஊரிலிருந்து மடத்துக்குச் சமைக்க வருபவர். இந்தப் பக்கம் தாழ்வாரத்தில் கோட்டிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்த ஜெனரல் வீட்லி அப்படியே நின்றார்.

"பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்றது இன்னொரு குரல்.

"ஒன்றும் ஆகாது. போரில் அவர் அனுப்பித்தான் என் பையன் அந்த மலைக்குப் போனான், திரும்பி வரவில்லை. அவன் அப்படியே என் ஜாடை. பார்த்தால் தெரியுமே என்றுதான்."

ஜெனரல் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பினார்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மலையிலிருந்த அந்த ஜென் மடத்துக்கு அவர் குளிர் தொடங்கும்போது வந்தார். நுரையீரலில் புற்று. வசந்தம் வரை தாங்கினால் பெரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மடத்தில் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது. பரிமாறுபவர் ஊற்றிக்கொண்டே இருப்பார். போதும் என்றால் வலது கையை லேசாக உயர்த்த வேண்டும். யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லாத அந்த ஏற்பாடு ஜெனரலுக்கு முதல் நாளே பிடித்துவிட்டது.

அன்று மதியம் அவர் தலை இன்னும் தாழ்ந்தது. டோரீனின் ஏப்ரன் நுனி மட்டும்தான் தெரிந்தது. கரண்டி சாய்ந்ததுமே கையை உயர்த்திவிட்டார்.

சாயங்காலம் குருவின் அறைக்குப் போனார். கையில் பழைய ராணுவ பூட்ஸ், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. குரு தோமோயே அவரைவிட மிகவும் இளையவர். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இதென்ன, ஊருக்குக் கிளம்பியாயிற்றா?"

"உங்களிடம் கொடுத்துவைக்க வந்தேன். என் இறுதி ஊர்வலத்துக்கு."

"இறந்தவருக்கு பூட்ஸ் எதற்கு?"

"எனக்கில்லை. குதிரைக்கு."

"ஒரு ஜோடி போதாதே."

ஜெனரல் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அது அடங்கும்வரை குரு காத்திருந்தார்.

"சவப்பெட்டிக்குப் பின்னால் ஆள் ஏறாத குதிரை ஒன்றை நடத்தி வருவார்கள். அதன் சேணத்தில் தளபதியின் பூட்ஸைப் பின்பக்கம் பார்த்தபடி மாட்டியிருக்கும். எங்கள் ஜெனரல்களுக்குச் செய்கிற மரியாதை."

"ஏன் பின்பக்கம்?"

"கடைசியாக ஒரு தடவை தன் வீரர்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று அர்த்தம்."

குரு இன்னொரு விறகை அடுப்பில் வைத்தார். ஜெனரலே தொடர்ந்தார்.

"சொந்த ஊரில் எனக்குச் சிலை வைக்கப்போகிறார்கள். அங்கே முன்பு வேறொரு ஜெனரல் நின்றுகொண்டிருந்தார். போன வருடம் கிரேன் வைத்துத் தூக்கிப்போய்விட்டார்கள். அதே பீடத்தில்தான் என்னையும் நிறுத்துவார்களாம். எனக்குப் பின்னால் என்னதான் மிஞ்சும், குருவே?"

குரு பூட்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊர்வலத்தில் நீங்கள் பெட்டிக்குள் இருப்பீர்கள்?"

"ஆமாம்."

"பெட்டி மூடியிருக்கும்?"

"ஆமாம்."

குரு பூட்ஸை அவர் மடியிலேயே திரும்ப வைத்தார்.

"திரும்பிப் பார்க்கக் கழுத்து போதுமே, ஜெனரல். குதிரை எதற்கு?"

மறுநாள் காலையிலும் பனி விடவில்லை. கூடத்தில் விளக்கெரிந்தது. டோரீன் வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தார். ஏப்ரன் நுனி ஜெனரலின் முன்னால் வந்து நின்றது.

அவர் இடது கையால் கிண்ணத்தை நீட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

அகன்ற நெற்றி. தூக்கமில்லாத கண்கள். வலது கன்னத்தில் சின்னக் குழி. அந்த முகத்துக்குள் ஒரு பையனைத் தேடினார். எந்தப் பையனும் நினைவுக்கு வரவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

டோரீனும் அவரைப் பார்த்தபடியே ஊற்றினார். கிண்ணம் நிறைந்தது. ஜெனரலின் வலது கை மடியிலேயே கிடந்தது. கொதிக்கும் கஞ்சி விளிம்பைத் தாண்டி அவர் விரல்களில் வழிந்தது.

டோரீன்தான் கரண்டியை நிறுத்தினார்.