தான்றி மரமும் மூன்றாம் வருட ஃபீஸும்

சடைச்சி என்ற கரடிக்குக் காட்டில் இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, ஓடைக்கரையில் நின்ற தான்றி மரம். மற்றொன்று, மகள் கொன்றை. மரம் தேன் கொடுக்கும். மகள் கேள்வி கேட்பாள்.

அது வானளாவிய மரம். தை பிறந்ததும் மலைத்தேனீக்கள் எங்கிருந்தோ வந்து அதன் கிளைகளில் அடை கட்டும். ஆடி மழைக்கு முன் மொத்தமாக எழுந்து எங்கேயோ போய்விடும். மறு தையில் திரும்பவும் வரும். அந்த ஆறு மாதத் தேனில்தான் சடைச்சி குடும்பம் நடத்தினாள்.

கொன்றை பள்ளிப்படிப்பை முடித்தாள். கல்லூரிப் பேச்சு எழுந்தது. பேச்சு எழுந்த மறுநாளே நரி வந்துவிட்டது.

சமவெளியில் இருந்த பெரிய கல்லூரிக்கு ஆள் சேர்த்துவிடுவது அந்த நரியின் தொழில். ஓர் ஆளுக்கு ஒரு மரக்கால் காய்ந்த இலுப்பைப்பூ கமிஷன். அந்தக் காட்டில் இலுப்பைப்பூதான் பணம். நரி எப்போதும் ஒரு கணக்குக் குச்சியைக் கையில் வைத்திருக்கும். எதைக் கண்டாலும் அதில் ஒரு கோடு கீறும்.

"அக்கா! எங்க காலேஜ்ல ஐந்நூறு பேர் படிக்கிறாங்க! வாசல்ல பேனரைப் பாத்தீங்கள்ல? வேலை கிடைச்ச எண்பது பேரோட மூஞ்சி இருக்கு. வருஷத்துக்குப் பத்தே மரக்கால்!"

"மத்த நானூத்தி இருபது பேரு எங்கே?" என்று கேட்டாள் கொன்றை.

நரி கொஞ்சம் இருமியது. "பாப்பா நல்லாப் பேசுது," என்றது.

"பாறைமேட்டுல ஒரு காலேஜ் இருக்குதாமே?" என்றாள் சடைச்சி.

"ஏழு பேர் படிக்கிறதுக்குப் பேரு காலேஜா! வருஷத்துக்கு நாற்பது மரக்கால் வாங்கறாங்க அக்கா. மூணு வருஷத்துக்கு நூத்தி இருபது. எங்கே படிச்சாலும் சம்பளம் வருஷத்துக்கு ஆறு மரக்கால்தான். எங்ககிட்ட போட்டதை அஞ்சு வருஷத்துல எடுத்துடலாம். அங்கே போட்டதை எடுக்க இருபது வருஷம் ஆகும். கரடியோட ஆயுசே அவ்வளவுதான்!"

கணக்கில் பிழை இல்லை. நரியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கூட்டல் கழித்தலில் அது யாரையும் ஏமாற்றியதில்லை. சடைச்சிக்கு அந்த இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு பாறைமேட்டுக்கு ஏறினாள்.

அங்கே கட்டடம் இல்லை. பேனர் இல்லை. பெரிய பாறை ஒன்று இருந்தது. அதற்கு எதிரே ஒரு மரம். மரத்தடியில் மூன்று முயல்கள், ஒரு கீரி, ஒரு மான், இரண்டு மந்திகள். ஏழு பேரும் மேலே பார்த்தபடி இருந்தார்கள். மந்தி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைச் சடைச்சி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

கல்லூரி முதல்வர் ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில். பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சடைச்சி ஃபீஸ் என்று ஆரம்பித்ததுமே பாதி சுருண்டுவிட்டது.

"நாற்பது மரக்கால்ங்க," என்றது உள்ளேயிருந்து. "குறைக்க வழியில்லீங்க. ஏழு பேருக்கு மூணு வாத்தியார். அவங்களும் சாப்பிடணும்ல?"

"படிச்சு முடிச்சவங்க என்ன செய்யறாங்க?"

அழுங்கு தலையை மட்டும் நீட்டி ஒரு பலகையைக் காட்டியது. கொன்றை அதை உரக்கப் படித்தாள்.

"போன வருடம் முடித்தவர்கள் எட்டுப் பேர். ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது. இரண்டு பேர் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். ஒருவரை முதலை தின்றுவிட்டது."

சடைச்சி பலகைக்கு அருகில் போய் நின்று கேட்டாள். "இதையெல்லாம் யாராவது வாசல்ல எழுதி வைப்பாங்களா!"

"நடந்ததுதானேம்மா?" என்றது அழுங்கு.

பிறகு அது அவர்களைப் பாறையின் பின்பக்கம் கூட்டிப்போனது. சடைச்சி அங்கே அப்படியே நின்றுவிட்டாள். பாறையின் அடியிலிருந்து உச்சிவரை நகத்தால் கீறிய கோடுகள். ஆயிரக்கணக்கில் கோடுகள்! விரற்கடை இடம் மிச்சமில்லை.

"ஒவ்வொரு நாளுக்கும் மூணு கோடுங்க. மேலே இருக்கிறது மழை. நடுவுல பூ. கீழே தேனீ. முப்பத்திரண்டு வருஷமா எழுதறோம். ஒரு நாள்கூட விட்டதில்லை. ஐந்நூறு பேரை ஒரே மரத்தடியில உட்கார வைக்க முடியாதுங்க. ஏழு பேர்னா முடியும்."

"இதனால என்ன லாபம்?"

"அது எனக்கு இன்னும் தெரியலீங்க," என்று சொல்லிவிட்டு அழுங்கு முழுதாகச் சுருண்டுகொண்டது.

சடைச்சி அண்ணாந்து அந்தக் கோடுகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் முதுகு ரோமம் சிலிர்த்தது. "இங்கேயே சேத்துக்குங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கிடைத்த தேனையெல்லாம் விற்றாள். வெயிலில் மைல் கணக்காக நடந்து இலுப்பைப்பூ பொறுக்கினாள். தனக்குக் கறையான் புற்றே போதும் என்று இருந்துவிட்டாள். இரண்டு வருடத்தில் எண்பது மரக்கால் கட்டினாள். உடம்பு பாதியாக இளைத்தது. வழியில் பார்க்கும்போதெல்லாம் நரி தன் குச்சியைப் பார்க்கும், அவளைப் பார்க்கும், ஒரு பெருமூச்சு விடும்.

மூன்றாம் வருடம் தை பிறந்தது. தேனீ வரவில்லை.

மாசியும் போயிற்று. காட்டில் ஒரு மரத்திலும் ஓர் அடைகூட இல்லை. தேன்மரம் வைத்திருந்த கரடிகளெல்லாம் கலங்கிப்போயின. அந்தச் சமயம் பார்த்து முள்ளம்பன்றிகள் மரங்களை விலைக்குக் கேட்டன. அவற்றுக்குப் பட்டை வேண்டும், கடித்துத் தின்பதற்கு. பட்டை போனால் மரம் நின்றபடியே செத்துவிடும். இருந்தாலும் காலி மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கரடிகள் ஒவ்வொன்றாக விற்றன.

நரி சடைச்சியிடம் வந்தது. இந்தமுறை அதன் குரலில் கிண்டல் இல்லை.

"அக்கா, உங்க மரத்துக்கு நாற்பது மரக்கால் தர்றாங்க. மூணாவது வருஷ ஃபீஸுக்குச் சரியா இருக்கும். இந்தப் பங்குனிக்குள்ள கட்டலைன்னா பாப்பா பரீட்சை எழுத முடியாது. படிப்பை நிறுத்தணும், இல்லைன்னா மரத்தை விக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சடைச்சி யோசிக்கவே இல்லை. "மரத்தை வித்துடறேன்," என்றாள்.

சொல்லிவிட்டுப் போய் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கரடி அழுதால் ஓடைக்கரை முழுக்கக் கேட்கும்.

செய்தி பாறைமேட்டுக்கு எட்டியது. மறுநாள் காலையில் முள்ளம்பன்றிகள் முட்களைச் சிலுப்பிக்கொண்டு மரத்தடியில் வந்து நின்றன. கொன்றை மூச்சிரைக்க ஓடி வந்து குறுக்கே விழுந்தாள்.

"அம்மா! படிப்பை நிறுத்தினாலும் நிறுத்தும்மா! மரத்தை மட்டும் விக்காதே!"

"காலி மரம்டீ!"

"காலி இல்லம்மா. தேனீ இன்னும் வந்து சேரலை, அவ்வளவுதான். பாறையில தேடிப் பாத்தேன். இதே மாதிரி ஆறு வருஷம் நடந்திருக்கு. ஆறு தடவையும் ஐப்பசி மழை மார்கழி வரைக்கும் நீண்டிருக்கு. இந்த வருஷமும் அப்படித்தான் நீண்டுச்சு. மழை நீண்டா பூ தள்ளிப்போகுது. பூ தள்ளிப்போனா தேனீயும் தள்ளிப்போகுது. ஆறு தடவையும் பங்குனிப் பௌர்ணமி தாண்டித்தான் வந்திருக்கு. இன்னும் இருபது நாள்தாம்மா!"

"இருபது நாள் கழிச்சுப் பத்து மரக்கால்தான் தருவோம்," என்றது ஒரு முள்ளம்பன்றி.

"வரலைன்னா என்ன பாப்பா செய்வே?" என்று கேட்டது நரி.

"வரலைன்னா மரமும் போச்சு, படிப்பும் போச்சு மாமா. உங்க கணக்குதான் சரின்னு ஊரெல்லாம் சொல்லிக்குங்க."

எல்லோரும் சடைச்சியைப் பார்த்தார்கள். சடைச்சி மகளைப் பார்த்தாள். பாறைமேட்டு வாசலில் இருந்த பலகை அவள் நினைவுக்கு வந்தது.

"முதலை தின்னதைக்கூட மறைக்காத இடத்துல படிச்சவ," என்றாள் மெதுவாக. "அவ வரும்னா வரும். நீங்க கிளம்புங்க!"

அந்த இருபது நாளும் லேசில் நகரவில்லை. சுற்றிலும் விற்ற மரங்களில் முள்ளம்பன்றிகள் கறுக்குமொறுக்கென்று பட்டையைக் கடிக்கும் சத்தம். ஒவ்வொரு மரமாக இலை சுருண்டது. பௌர்ணமி வந்தது, போயிற்று. ஒரு நாள். இரண்டு நாள். மூன்று நாள். கொன்றைக்கும் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தினமும் மரத்தடியில் உட்கார்ந்து மண்ணில் மூன்று கோடு கீறினாள்.

நான்காம் நாள் காலையில் ஒற்றைத் தேனீ வந்தது. மரத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. உயரத்தில் ஒரு கிளையில், போன வருட அடையின் மெழுகுத் தடம் கறையாக ஒட்டியிருந்த அதே இடத்தில் இறங்கியது. கொஞ்ச நேரம் நடந்து பார்த்தது. பறந்து போய்விட்டது.

"ஒண்ணுதானா?" என்றாள் சடைச்சி.

"பேசாதேம்மா. கேளு."

முதலில் தூரத்தில் மழை பெய்வது போல ஒரு சத்தம். வானத்தில் மேகமே இல்லை. சத்தம் வளர்ந்தது. ஓடைத் தண்ணீர் மெல்ல நடுங்கியது. மான்கள் மேய்வதை நிறுத்தின. கிழக்கு மலை முகட்டில் ஒரு கறுப்புப் புகை எழுந்தது, வளைந்தது, நேராக இந்தப் பக்கம் திரும்பியது. வெயில் மங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டே இருந்தன. காது அடைத்துப்போயிற்று. வந்த கூட்டம் எதுவும் தடுமாறவில்லை, தேடவில்லை. ஒவ்வொன்றும் தன் கிளையை, தன் மெழுகுத் தடத்தைக் கண்டு அங்கேயே இறங்கித் தொங்கியது. அதை நேரில் பார்த்தவர்களைக் கேளுங்கள். இன்றும் பாதி சொல்லும்போதே அவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள்.

சில கூட்டங்கள் பட்டையுரிந்த மரங்களை நோக்கிப் போயின. காய்ந்த கிளைகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. விற்ற கரடிகள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு அந்தக் கூட்டங்களும் திரும்பிச் சடைச்சியின் மரத்துக்கே வந்தன.

வழக்கமாகப் பதினைந்து அடை கட்டும் மரம் அது. நரி குச்சியில் கோடு கீறி எண்ணிக்கொண்டே வந்தது. நாற்பத்தொன்று வரை எண்ணியது. அதற்குமேல் குச்சியில் இடமில்லை.

"கொன்றை," என்றாள் சடைச்சி. "போன ஆடியில போச்சே, அந்தத் தேனீங்களா இது?"

"இல்லம்மா. அன்னிக்கு இங்கே தேன் சேர்த்ததுல ஒண்ணுகூட இப்ப உசுரோட இல்ல. இதெல்லாம் அதுங்களோட பேத்திங்க. இந்த மரத்தை இதுங்க பாத்ததே இல்ல."

"பின்னே வழி எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியலம்மா. எங்க காலேஜ்ல யாருக்கும் தெரியல. தெரியலைன்னே பாறையில எழுதி வெச்சிருக்கோம்."

சடைச்சி மகளின் தலையில் கை வைத்தாள். முப்பத்திரண்டு வருடமாக, ஒரு நாள் விடாமல், யார் யாரோ பிள்ளைகள் மழையையும் பூவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இந்தக் காலைக்காகத்தானா என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணில் நீர் முட்டியது.

"அக்கா," என்றது நரி. அதன் வாய் திறந்தபடியே இருந்தது. "இதை வரவுல என்னன்னு எழுதறது?"

"இப்ப ஒண்ணும் எழுதாதே தம்பி. பேசாம பாரு."

நரி குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது.

பங்குனி முடிவதற்குள் சடைச்சி தேனாகவே ஃபீஸைக் கட்டினாள். மரத்தை விற்ற கரடிகள் அந்தக் கோடை முழுவதும் அவளுடைய மரத்தடியில்தான் நக்கிப் பிழைத்தன. அவளும் ஒரு சொல் சொல்லவில்லை. கொன்றை பரீட்சை எழுதித் தேறினாள். ஆனால் வேலை மட்டும் கிடைக்கவில்லை.

மறு வருடம் பாறைமேட்டு வாசலில் பலகை மாறியது. அழுங்கு தன் கையாலேயே எழுதியிருந்தது:

"போன வருடம் முடித்தவர்கள் எட்டுப் பேர். ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது. மூன்று பேர் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு மரத்தைக் காப்பாற்றினாள்."

நீதி: கல்விக்கு ஆகும் செலவை இன்றே எண்ணிவிடலாம், ஆனால் அதன் வரவை எண்ணப் பொறுமை வேண்டும், அதுவரை, தன் குறையையும் மறைக்காமல் சொல்லும் இடத்தையே நம்ப வேண்டும்.