ஜமீனுக்கு ஒரு சீப்பு

ஒரு ஊர்ல ஒரு நாய் இருந்துச்சாம். ஊரு விருதுநகரு, வெயில் அடிச்சா தார் ரோடு உருகுற ஊரு. நாயோ பனி பெய்யுற தேசத்து நாயி. மேல ஒரு முடி, உள்ள ஒரு முடின்னு ரெண்டு கம்பளி போத்துன ஜாதி. பேரு ஜமீன். ம் சொல்லு.

ம்.

வாங்கினவரு பரமசிவம். எதுக்காம்? சகலை வீட்டு நாயைவிடப் பெருசா இருக்கணுமாம். வேற காரணம் கேக்காத, எனக்கே எரிச்சலா வருது.

அப்புறம் சித்திரை வந்துச்சு. ஜமீன் படபடன்னு உதறும், முடி குபீர்னு பறக்கும். சட்னியில முடி, சாமி விளக்குல முடி. பரமசிவத்தோட பொண்டாட்டி வேதவல்லி பொறுத்துப் பொறுத்துப் பாத்தா.

"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வீட்டுக்காரர் வர்றாரு. அதுக்குள்ள இந்த முடிக்கு ஒரு வழி பண்ணலைன்னா நாய் அவரோட போகும்."

சகலைகிட்டயா! பரமசிவத்துக்குப் பகீர்னு ஆயிருச்சு. ஓடிப்போய் தங்கக் கலர் கைப்பிடி போட்ட பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. சர்ரு சர்ருனு தேய்ச்சாரு. மேல முடி பளபளன்னு ஆச்சு, உள்ள இருந்தது உள்ளயே இருந்துச்சு. போட்டோ எடுத்து சகலைக்கு அனுப்புனதுதான் மிச்சம்.

மறுநாள் பிளேடு வச்ச சீப்பு. கரக் கரக்னு இழுத்தாரு. கூடை கூடையா முடி! வேதவல்லி ஒரு முடியை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. "வேரே காணோமே? இது கொட்டுன முடி இல்லீங்க. நல்ல முடியை அறுத்து வச்சிருக்கீங்க."

மூணாம் நாள் மனுசன் தன் வழுக்கையைத் தடவிக்கிட்டே சொல்றாரு, "பேசாம மொட்டை போட்டுருவோம். யாராவது கேட்டா பழனிக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம்."

அப்போ ஜமீன் ஹஹ் ஹஹ்னு இரைச்சுக்கிட்டு வேதவல்லி காலடியில வந்து படுத்துச்சு. அவளுக்குப் பாவமா போச்சு. பேன் பாக்குற மாதிரி முடியைப் பிரிச்சுப் பாத்தா. உள்ள இலவம் பஞ்சு கணக்கா அடைஞ்சு கெடக்கு! "மேல இருக்குறது வெயிலுக்குக் குடைங்க. அதைப் போயி வழிக்கச் சொல்றீங்களே!"

அப்புறம் உலைத்தண்ணி அளக்குற மாதிரி விரலை உள்ள விட்டா. ரெண்டாவது ரேகை வரைக்கும் போச்சு. நேரா கடைக்குப் போனா. கடைக்காரரு நிறம் சொன்னாரு, பிராண்டு சொன்னாரு. இவ ஒவ்வொரு சீப்போட பல்லுக்குப் பக்கத்துலயும் விரலை வச்சுப் பாத்தா. ஒண்ணு சரியா ரெண்டாவது ரேகைக்கு வந்துச்சு. இடம் விட்டு இடம் விட்டு நீளப் பல்லு, நுனி உருண்டை, குத்தாது. கைப்பிடிதான் அழுக்குப் பச்சை. வாங்கிட்டா. தூங்கிட்டியா?

...ம்.

முடி போற பக்கமே மெதுவா வாருனா. பொத் பொத்னு பஞ்சு உருண்டை விழுந்துச்சு, நாயே பாதியா இளைச்ச மாதிரி ஆச்சு. ஜமீன் அவ மடியில தலையை வச்சு கொர்ருனு தூங்கிருச்சு. மக கல்யாணமாகிப் போனதுலேருந்து அந்த மடியில யாரும் தலை வச்சதில்ல. அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

ஞாயித்துக்கிழமை சகலை நாயைக் கூட்டிட்டுப் போகச் சங்கிலியோட வந்தாரு. "இதானா மதினி? எங்க நாயைவிடச் சின்னதா இருக்கே!" பரமசிவத்துக்கு மூஞ்சி தொங்கிருச்சு. அப்போ ஜமீன் ஒரு உதறு உதறுச்சு. ஒரே ஒரு முடி, மிதந்து மிதந்து வந்து வேதவல்லி காபியில விழுந்துச்சு. எல்லாரும் அவளையே பாத்தாங்க.

அவ முடியை எடுத்துப் போட்டுட்டு மீதிக் காபியைக் குடிச்சா.

"நாய் இருக்கட்டும் தம்பி. வெறும் சங்கிலியோட போகக் கூடாதுன்னா இவரைக் கூட்டிட்டுப் போங்க. இவருக்குக் கொட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல."

கதையை வாரி முடிச்சாச்சு, கண்ணை மூடு.