செவந்தி நல்லவள்

"நான் பொய் சொல்லவே இல்ல, ஐயா" என்றான் மடத்துச் சீடன் கடம்பன்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னதான் சொன்னே?"

"நடவுக்குப் போற பொம்பளைங்க, பிள்ளைங்கள செவந்திகிட்ட விட்டுட்டுப் போகலாமான்னு கேட்டாங்க. 'அதை ஏன் என் வாயால கேக்கறீங்க'ன்னேன். அவ்வளவுதான்."

"அவளைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"



அந்தப் பெண்கள் கேட்ட அன்றைக்குக் காலையில், செவந்தி கூலிக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் புன்னை மரத்தடிப் பக்கம் கடம்பன் போனபோது அவள் மரியாதைக்கு எழுந்து நிற்கவில்லை. அவள் மடியில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அதையும் பார்த்தான். இருந்தாலும் எரிச்சல். இவ்வளவு அற்பமான விஷயம்தான்.

அவன் சொன்னதை ஊர் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு அபின் கொடுத்துத் தூங்கவைக்கிறாள் என்றாள் ஒருத்தி. கண்ணால் பார்த்தேன் என்றாள் இன்னொருத்தி. புன்னை மரத்தில் கட்டியிருந்த தூளிகளை ஒவ்வொருத்தியாக வந்து அவிழ்த்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

செவந்திக்கு அந்தத் தூளிகள்தான் சோறு.

"அவ நல்லவன்னு நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிடறேன், ஐயா."

"வேண்டாம்."

"கெடுத்தது நான். நானே சரி பண்றேன்!"

குரு பதில் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு கடம்பன் கிளம்பிவிட்டான்.

முதல் வீடு.

"செவந்தி நல்லவம்மா."

"யாரு இல்லேன்னா?"

"யாரும் இல்ல. சும்மாதான் சொல்றேன்."

"மடத்து ஆளு வேலையத்து வந்து சும்மா சொல்வீங்களாக்கும். அவ என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணல! அபின் எல்லாம் குடுக்கவே இல்ல!"

"அபினா?"

அந்த அம்மா இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள்.

அடுத்த வீட்டில் கடம்பன் இன்னும் சத்தமாகச் சொன்னான். தெருவே வாசலுக்கு வந்து கேட்டது.

சாயங்காலம் செவந்தி மடத்துக்கு வந்தாள். கடம்பன் பக்கம் திரும்பவே இல்லை.

"சாமி, எனக்காகப் பேச வேண்டாம்னு இவர்கிட்ட சொல்லுங்க. கீழத் தெருவுல ரெண்டு வீட்டுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. அந்தப் பிள்ளைங்கதான் எனக்கு மிச்சம்."

குரு கடம்பனைப் பார்த்தார்.

"அங்கயும் போயிட்டு வந்துட்டேன்" என்றான் அவன்.