ஊசிப்போன சுண்டலும் ஊசி உடம்பும்

பாறைக்காட்டின் நடுவே ஒரு சின்ன மலைக்கோயில். கோயிலுக்குப் பின்புறம், சரிந்து கிடந்த பாறைகளின் அடியில் ஒரு வளை. அந்த வளையில் கூரன் என்கிற முள்ளம்பன்றியும் அவன் மனைவி தும்பையும் குடியிருந்தார்கள். அவர்களுக்குப் பொட்டு என்று ஒரு குட்டி. பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவனுக்கு முள் இன்னும் இறுகவில்லை. தொட்டால் இளம் ஓலை மாதிரி வளையும்.

வெள்ளிக்கிழமைதோறும் மலைக்கோயிலுக்கு ஆட்கள் வருவார்கள். பூசை முடிந்ததும் தொன்னையில் சுண்டல் கொடுப்பார்கள். தின்றது போக மிச்சத்தை மரத்தடியில் வைத்துவிட்டுப் போவார்கள். கூரன் அந்தத் தொன்னைகளைப் பல்லால் கவ்வி, ஒவ்வொன்றாக வளைக்குக் கொண்டுவந்து சேர்ப்பான். வெந்த கொண்டைக்கடலை, மேலே தேங்காய்த் துருவல். கிழங்கு தோண்டித் தோண்டி நகம் தேய்ந்தவனுக்கு அது தேவாமிர்தம்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஏதோ விசேஷம். தொன்னை தொன்னையாக மிச்சம். ஆசை யாரை விட்டது? கூரன் எல்லாவற்றையும் இழுத்து வந்தான். இருப்பதே மூன்று பேர், அதிலும் ஒருவன் பால்குடி, இத்தனை எதற்கு என்று அவன் யோசிக்கவில்லை. அன்றைக்கு வயிறு முட்டத் தின்றார்கள். மறுநாளும் தின்றார்கள். அதற்கு அடுத்த நாள் நல்ல புழுக்கம். கூரன் ஒரு தொன்னைக்குள் மூக்கை விட்டான். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தான்.

"தும்பை, இது ஊசிப்போச்சு."

தும்பை குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊசிப்போனா ஊசிப்போகட்டும். நாம யாருங்க? உடம்பு முழுக்க ஊசி. ஊசியை ஊசி என்ன பண்ணும்?"

இதுதான் தும்பையின் வேதவாக்கு. அவள் அம்மா வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். ஊசிப்போனது மானுக்கு ஆகாது, முயலுக்கு ஆகாது, குரங்குக்கு ஆகவே ஆகாது. முள்ளம்பன்றிக்கு மட்டும் அது சொந்தக்காரன் மாதிரி. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் வயிறும் அதைக் கேட்டு நடக்கும் என்று அந்தக் குடும்பத்துக்கு ஒரு நினைப்பு.

கூரன் ஒரு கடலையை நகத்தால் தொட்டு இழுத்துக் காட்டினான். பிசுபிசுவென்று நீளமாக வந்தது.

"பாரு, நூல் விடுது."

"ஊசி இருக்கிற வீட்டுல நூல் இல்லாம வேற என்ன இருக்கும்?"

கூரனுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சிரித்தால் தோற்றுவிடுவோம் என்று எரிச்சலையே வைத்துக்கொண்டான்.

"விளையாடாதம்மா. எறும்புகூட மொய்க்கல. எறும்பே வேண்டாம்னு விட்டதை நாம திங்கணுமா?"

"எறும்புக்கு என்ன தெரியும்? இது சாமி பிரசாதம். கீழ போட்டா பாவம்."

"சாமிக்குப் படைச்சப்ப இது நல்லா இருந்துச்சு. சாமியும் சூட்டோட தின்னிருக்கும். மூணு நாள் வச்சுத் தின்ன சாமி உண்டா?"

"சாமிக்கு என்ன, வெள்ளிக்கு வெள்ளி வரும். நமக்கு யாரு கொண்டுவந்து படைப்பாங்க? போன கோடையில மரப்பட்டையைச் சுரண்டித் தின்னோமே, மறந்துபோச்சா? அப்ப ஒரு கடலை கிடைச்சிருந்தா நூலோட சேர்த்து முழுங்கியிருப்பீங்க."

பட்டினி கிடந்தது உண்மைதான். பட்டினி கிடந்தவளிடம் தூக்கிப் போடு என்று சொல்வது லேசான காரியமா?

பேசிப் பயனில்லை என்று, அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்துத் தொன்னைகளை வெளியே தள்ளினான். குழி பறித்தான். மண்ணைப் போட்டு மூடி, மேலே கல்லையும் உருட்டி வைத்துவிட்டு வந்தான். ஆனால் முள்ளம்பன்றிக்குத் தெரியாமல் முள்ளம்பன்றி குழி பறிக்க முடியுமா? அவன் வந்து உட்காருவதற்குள் தும்பை எழுந்து போனாள். தோண்டினாள். தொன்னைகளை மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்து, மண்ணை ஊதி ஊதித் தட்டினாள்.

"இப்ப மண்ணும் சேர்ந்துடுச்சு," என்றான் கூரன்.

"சேர்த்தது யாரு? உங்களை யாரும் திங்கச் சொல்லல. குட்டிக்கும் பால்தான். நான் ஒருத்தி தின்னுக்கறேன். ஏதாவது ஆனாலும் எனக்குத்தானே ஆகும்?"

"அதுக்கில்ல தும்பை..."

"போன மழையிலயும் இப்படித்தான் பயமுறுத்தினீங்க. தின்னேன். என்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன்."

சிறுத்தைக்கே முதுகைக் காட்டி நிற்கிறவன் கூரன். முள்ளம்பன்றிக்கு அதுதான் வீரம். ஆனால் வீட்டுச் சண்டை என்றால் மட்டும் அவனுக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். "எப்படியோ போ," என்று சொல்லிவிட்டு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டான். தும்பை ஒரு தொன்னை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள். கடைசித் தொன்னைக்கு வந்தபோது அவளுக்கே முகம் கோணியது. அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, ரொம்ப ருசி போலச் சப்புக் கொட்டினாள்.

பொழுது சாயும் நேரம் கூரன் கிழங்கு தேடப் புறப்பட்டான்.

"வயிறு கொஞ்சம் கனமா இருக்கு. நீங்க போயிட்டு வாங்க," என்றாள் தும்பை.

அவள் குரல் சரியில்லை என்று அவனுக்குப் பட்டது. 'நான் சொல்லல?' என்று கேட்க வாயெடுத்தான். எதற்கு இன்னொரு சண்டை என்று விழுங்கிக்கொண்டு நடந்தான்.

ஓடைக்கரையில் நல்ல கிழங்காக ஒன்று கிடைத்தது. அதைக் கவ்விக்கொண்டு திரும்பினான். வழக்கமாக அவன் காலடி கேட்டதும் வளைக்குள் தும்பை முள்ளை உதறுவாள். கலகலவென்று சத்தம் வரும். வந்துட்டீங்களா என்று அதற்கு அர்த்தம். அன்றைக்குச் சத்தமே இல்லை. பாறையைச் சுற்றி வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வாயிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது.

வளையின் வாசலில் ஒரு நரியின் வால் ஆடிக்கொண்டிருந்தது. பின்னங்காலும் வாலும்தான் வெளியே. மிச்ச நரி உள்ளே.

உள்ளேயிருந்து அதன் பேச்சுக் கேட்டது. அவசரமே இல்லாத பேச்சு.

"நான் வரக் கூடாதுன்னா ஒரு முள்ளையாவது தூக்கிக் காட்டு தாயி. இப்படியே திரும்பிப் போயிடறேன்."

"கிட்ட வராத. குத்திடுவேன்."

அது தும்பையின் குரலா? வெறும் மூச்சாக வந்தது.

"குத்து, பாக்கலாம். எல்லாம் படுத்துக் கிடக்கே. நனைஞ்ச வைக்கோலுகூட இதைவிட நிமிர்ந்து நிக்கும்."

தும்பையின் முள் எழவில்லை! சிறுத்தையே கிட்ட வரப் பயந்த முள் அது. ஊசியை ஊசி என்ன பண்ணும் என்று கேட்டாளே, இதைத்தான் பண்ணியிருக்கிறது. கூரனுக்கு அது உறைத்த அதே நொடியில் உள்ளே பொட்டு வீறிட்டான்.

அதற்குப் பிறகு கூரன் யோசிக்கவில்லை. முள்ளம்பன்றி பாய்வது பின்பக்கமாகத்தான். திரும்பினான், முள்ளையெல்லாம் சிலிர்த்தான், இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து நரியின் பின்புறத்தில் போய் மோதினான். நரி போட்ட அலறலில் கோயில் கூரையிலிருந்த புறாக்களெல்லாம் எழும்பிவிட்டன. அதற்கு முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கூரன் ஒதுங்கி வழிவிட்ட பிறகுதான் உருவிக்கொண்டு வெளியே வந்தது. இடுப்பெல்லாம் முள் தொங்க, புதருக்குள் விழுந்து ஓடியது.

கூரன் உள்ளே போனான். பார்க்கக் கூடாததைப் பார்த்தான்.

தும்பை கக்கியதிலும் கழிந்ததிலும் கிடந்தாள். காலை ஊன்றி எழ முடியாதவள், எப்படியோ உருண்டு வந்து குட்டியின் மேல் விழுந்திருக்கிறாள். பாதியைத்தான் அவளால் மறைக்க முடிந்திருக்கிறது. பொட்டுவின் தலை வெளியே இருந்தது. அந்தத் தலையில் இடது காது இல்லை.

எப்படியோ போ என்று தன் வாயால் சொன்னது கூரனின் நினைவுக்கு வந்தது. பிறகு குட்டியை மெல்ல வெளியே இழுத்து, காயத்தை நக்கி நக்கி ரத்தத்தை நிறுத்தினான். ஓடைக்கும் வளைக்குமாக ஓடி, நனைந்த பாசியைக் கவ்விவந்து தும்பையின் வாயில் பிழிந்தான். அவள் குடித்தாள், கக்கினாள், மறுபடி குடித்தாள். செத்துப் பிழைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் அவள் கண் தெளிந்தது.

கண் தெளிந்ததும் குட்டியைத் தேடினாள். பொட்டு தள்ளாடி வந்து அவள் மடியை முட்டினான். அவள் அவனை முதுகிலிருந்து நக்கிக்கொண்டே வந்தாள். தலைக்கு வந்த நாக்கு ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"காது எங்கங்க?"

கூரன் வளை வாசலைப் பார்த்தான்.

அவள் மறுபடி நக்கிப் பார்த்தாள். எங்கேயாவது மடிந்து கிடக்கும் என்று தேடுவது போல அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினாள். அப்புறம் கூரனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமாக அவன் பார்த்த பிடிவாதத்தில் ஒரு துளிகூட அந்த முகத்தில் இல்லை.

"என் வயித்துக்குள்ள போனது இவன் காதை எப்படிங்க கடிச்சுது?"

நான் அப்பவே சொன்னேனே என்ற வார்த்தை கூரனின் தொண்டை வரை வந்தது. குட்டியின் தலையைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. அவன் தும்பையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

கெட்டுப்போனதைக் கொட்டினால் ஒரு வேளைச் சாப்பாடுதான் போகும். நான்தானே தின்கிறேன் என்று பிடிவாதமாக விழுங்கினால், நம்மை நம்பியிருக்கும் உயிருக்கும் சேர்த்தே கேடு வரும்.