ஒண்டிமுத்து பிடுங்க மறுத்த பாதி

மலையடிவாரத்து மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தபோது ஒண்டிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்பது. மடத்தின் குரு அமிர்தவல்லி அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

இரண்டு வருஷமாக மழை இல்லை. மாட்டுத்தீவனத்துக்குப் போடும் தட்டைப்பயறு, சுற்றுவட்டாரத்தில் விதைக்குக்கூட இல்லாமல் அற்றுப்போயிருந்தது. மடத்தில் மட்டும் ஒரு பானை மிச்சமிருந்தது. அதையும் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கொல்லையில் விதைத்தாயிற்று. அதில் விளையப்போகும் விதைக்காக நான்கு ஊர்க்காரர்கள் காத்திருந்தார்கள்.

செடிகள் ஒரு சாண் வளர்ந்ததும் அம்மை சொன்னார்.

"ரொம்ப நெருக்கமா நிக்குது. ரெண்டுக்கு ஒண்ணு பிடுங்கிடுங்க."

"நான் பிடுங்க மாட்டேன்."

"ஏன்?"

"மில்லுல முன்னூறு பேரை இப்படித்தான் வெளியே தள்ளினாங்க. மிச்சப் பேராவது பிழைக்கட்டும்னாங்க. அந்த முன்னூறுல நானும் ஒருத்தன்."

"இவ்வளவு நெருக்கத்துல இலைதான் வரும். காய் பிடிக்காது."

"பிடிக்காட்டிப் போகட்டும். நல்லா நிக்கிற செடிமேல நான் கை வைக்க மாட்டேன்."

அம்மை தானே கொல்லையில் இறங்கினார். குனிந்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். பாதிக் கொல்லை முடிந்தபோது ஒண்டிமுத்து குறுக்கே வந்து, செடிகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல என்னைப் பிடுங்கிப் போடுங்க. அப்புறம் இதுகளைத் தொடுங்க."

மற்ற சீடர்கள் பதறிப்போனார்கள். குருவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அம்மை கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

மழை வந்தது. ஒண்டிமுத்து காத்த பாதி, இடுப்பு உயரத்துக்குக் கரும்பச்சையாக எழும்பி நின்றது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டினார். பூக்கிற காலத்தில்தான் அவருக்கு உறைத்தது. உள்ளே வெயில் நுழையவில்லை. அடி இலைகள் அழுகின. வைத்த பூவில் பெரும்பாலும் உதிர்ந்தது. அம்மை பிடுங்கிவிட்ட பாதியிலோ ஒவ்வொரு செடியும் கிளை விரித்துப் படர்ந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது.

அறுவடையன்று அந்தப் பாதியில் இரண்டு மூட்டை விதை கண்டது. ஒண்டிமுத்துவின் பாதியில் கால் மூட்டைகூடத் தேறவில்லை. மாடுகளுக்குத் தழைதான் மிஞ்சியது.

அவர் அம்மையின் முன்னால் போய் நின்றார். தலை குனியவில்லை.

"நீங்க சொன்னபடிதான் ஆச்சு. நெருக்கமா நின்னா காய்க்காது, ஒத்துக்கறேன். ஆனா பிடுங்கினது நியாயம்னு ஒத்துக்க மாட்டேன். அதுக என்ன தப்பு செஞ்சுது? அதுகளுக்கு யார் பதில் சொல்றது?"

அம்மை விதை மூட்டையை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"அதுக ஒரு தப்பும் செய்யல. முளைக்காமப் போயிடுமோன்னு பயந்து, அள்ளி அள்ளி விதைச்சவ நான்," என்றார். "அடுத்த விதைப்பு உங்க கையில. இடம் விட்டு விதைங்க."